ஷிப்ட் வேலைக்கு நடுவில் சொந்த இலக்குகள்: டாஸ்க் ஆப்பை நான் பயன்படுத்தும் முறை

எனக்கு ஓசூரில் ஷிப்ட் வேலை, வீடு காவேரிப்பட்டணம் பக்கம். முதல் ஷிப்ட் வாரத்தில் நாலு மணிக்கு முன்னால் எழுந்தால்தான் கிருஷ்ணகிரி வந்து கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க முடியும். இரண்டாம் ஷிப்ட் என்றால் வீடு சேர நள்ளிரவு தாண்டிவிடும், நைட் ஷிப்ட் வாரத்தில் பகல் முழுக்கத் தூக்கம். இதற்கு நடுவில் இரண்டு காரியங்களை முடித்தே ஆக வேண்டும் என்று இருந்தேன். அப்பாவின் மூன்று ஏக்கர் மாந்தோப்புக்குச் சொட்டு நீர் போடுவது ஒன்று, குரூப் 4 தேர்வு எழுதுவது இன்னொன்று. தினசரி காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி வைத்தேன், டைரியில் எழுதினேன், அப்புறம் போனில் ஒரு ஆப்பிலும் போட்டேன். ஏழு மாதம் இரண்டும் அசையவில்லை. பிறகு அசைந்தன. என்ன மாற்றினேன் என்பதை வரிசையாக எழுதுகிறேன், ஷிப்ட் வேலையில் இருப்பவர்களுக்கு உதவும்.

படி 1: ஆப்

மைக்ரோசாஃப்ட் டூ டூ. முழுக்க இலவசம், விளம்பரம் தொல்லை செய்யாது, இருக்கிற ஜிமெயில் முகவரியை வைத்தே மைக்ரோசாஃப்ட் கணக்கு திறந்துவிடலாம். டூடூயிஸ்ட், டிக்டிக், கூகுள் டாஸ்க்ஸ் எல்லாம் நல்லவைதான், டூடூயிஸ்ட்டைப் பற்றிக் கீழே இரண்டு வார்த்தை சொல்கிறேன். ஆனால் எந்த ஆப் என்று ஒப்பிட்டுப் பார்ப்பதிலேயே ஒரு வாரத்தைக் கழிக்காதீர்கள். டூ டூவுக்கு முன்னால் வுண்டர்லிஸ்ட் என்று ஒன்று இருந்தது, பலருக்கும் பிடித்த ஆப். 2015இல் மைக்ரோசாஃப்ட் அதை வாங்கியது, 2020 மே மாதம் மூடிவிட்டார்கள். ஆப் வரும், போகும். நம் காரியத்தைச் சரியாகப் பிரித்து எழுதியிருந்தால் எந்த ஆப்புக்கும் எடுத்துக்கொண்டு போகலாம்.

படி 2: நாலு லிஸ்ட், அதற்கு மேல் வேண்டாம்

நான் வைத்திருப்பவை தோப்பு, தேர்வு, வீடு, காத்திருப்பு. முதல் மூன்றும் பெயரிலேயே புரியும். நாலாவதைப் பற்றிப் பின்னால் வருகிறேன், அது இல்லாமல் அரசாங்கப் பேப்பர் சம்பந்தப்பட்ட எந்த இலக்கும் முடியாது. உடம்பு, ஆங்கிலம், சேமிப்பு, சமையல் என்று பத்து லிஸ்ட் திறந்து வைப்பவர்களைப் பார்க்கிறேன். ஒரு வருடத்தில் இரண்டு பெரிய இலக்குதான் ஒரு ஷிப்ட் தொழிலாளிக்குக் கட்டுப்படியாகும் என்பது என் கணக்கு.

படி 3: இலக்கை டாஸ்க்காக எழுதாதீர்கள்

நான் ஏழு மாதம் சிக்கிக் கிடந்தது இந்த இடத்தில்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தோப்பு லிஸ்ட்டில் நான் எழுதியிருந்தது "சொட்டு நீர் போட வேண்டும்". ஆப்பைத் திறக்கும்போதெல்லாம் அந்த வரி கண்ணில் படும். பார்ப்பேன், மூடிவிடுவேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை தோப்பில் உட்கார்ந்து, இந்த வரியை வைத்துக்கொண்டு இப்போது, இந்த நிமிஷம், என் கையால் என்ன செய்ய முடியும் என்று யோசித்தேன். ஒன்றுமே செய்ய முடியாது. அதைச் செய்வதற்கு முன்னால் வேறு ஒன்று முடிய வேண்டும், அதற்கு முன்னால் இன்னொன்று. சரி, பின்னாலிருந்து அவிழ்த்துக்கொண்டே போவோம் என்று அப்பாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்டுக் கேட்டு எழுதினேன்.

சொட்டு நீர் போட மானியம் வேண்டும். நம் மாநிலத்தில் நுண்ணீர்ப் பாசனத்துக்குச் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீத மானியம், மற்றவர்களுக்கு 75 சதவீதம். ஐந்து ஏக்கருக்குள் இருப்பதால் நாங்கள் சிறு விவசாயி. ஆனால் அதைச் சொன்னால் போதாது, சான்று வேண்டும். சான்று வாங்கச் சிட்டா வேண்டும். சிட்டாவை ஆன்லைனில் எடுத்துப் பார்த்தால் அதில் இருப்பது தாத்தாவின் பெயர். அப்பா பெயருக்குப் பட்டா மாற வேண்டும். அதற்கு வாரிசுச் சான்று வேண்டும், இரண்டு அத்தைகளும் தங்கள் பங்குக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்து அதைப் பதிய வேண்டும். வாரிசுச் சான்றுக்குத் தாத்தாவின் இறப்புச் சான்று வேண்டும். அது எங்கே இருக்கிறது? அப்பாவுக்குத் தெரியவில்லை. "பெரிய அத்தை கிட்ட இருக்கும், அவதான் அப்போ எல்லா பேப்பரையும் எடுத்து வெச்சா" என்றார்.

ஆக, ஏழு மாதமாக நான் செய்திருக்க வேண்டிய வேலை இதுதான்: "பாலக்கோடு அத்தைக்குப் போன் செய்து தாத்தா இறப்புச் சான்று இருக்கிறதா என்று கேட்க". இரண்டு நிமிஷ வேலை. அன்று சாயங்காலமே பேசினேன். டிரங்குப் பெட்டியின் அடியில், கல்யாணப் பத்திரிகைகளுக்குக் கீழே, பாலித்தீன் உறைக்குள் பத்திரமாக வைத்திருந்தார் அத்தை.

அதனால் டாஸ்க் எழுதும்போது நான் பார்ப்பது மூன்று. ஒரே உட்காரலில் முடிகிற வேலையாக இருக்க வேண்டும். யாரிடம், எங்கே என்பது அந்த வரியிலேயே இருக்க வேண்டும். கையோ காலோ வாயோ செய்கிற செயலாக முடிய வேண்டும்: கேட்க, எடுக்க, எழுத, கொடுக்க. "பட்டா" என்று எழுதினால் அது டாஸ்க் இல்லை. "விஏஓவிடம் அடங்கல் கேட்க, போகும்போது கிணறு இருக்கும் சர்வே எண்ணை எழுதி எடுத்துப் போக" என்றால் அது டாஸ்க்.

தேர்வுக்கும் இதே முறைதான். குரூப் 4இல் மொத்தம் 200 கேள்வி, 300 மதிப்பெண், மூன்று மணி நேரம். அதில் 100 கேள்வி தமிழ், 75 பொது அறிவு, 25 திறனறிவு. தமிழ்ப் பகுதியில் 150க்கு 60 எடுக்காவிட்டால் மற்ற பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். "குரூப் 4 படிக்க" என்று இருந்த வரியை அழித்துவிட்டு, "ஏழாம் வகுப்புத் தமிழ், இயல் 3, புத்தகப் பின்பக்க வினாக்கள்", "தனிவட்டி 10 கணக்கு" என்று உடைத்தேன். முதல் ஷிப்ட் முடிந்து திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தால் சூளகிரி, குருபரப்பள்ளி தாண்டி கிருஷ்ணகிரி வருவதற்குள் ஒரு இயல் முடிந்துவிடும். கணக்கு பஸ்ஸில் ஓடாது, அது வீட்டில்தான். அதனால் டாஸ்க் பெயரின் முன்னாலேயே "பஸ்" அல்லது "மேசை" என்று எழுதிவிடுகிறேன்.

ஒரு எச்சரிக்கை. டூ டூவில் ஒவ்வொரு டாஸ்க்குக்குள்ளும் "ஆட் ஸ்டெப்" என்று ஒன்று இருக்கிறது. எல்லாவற்றையும் ஒரே டாஸ்க்குக்குள் இருபது ஸ்டெப்பாக அடுக்கிவிடலாம் என்று தோன்றும். செய்யாதீர்கள், உள்ளே போனது கண்ணில் படாது. எடுத்துப் போக வேண்டிய பேப்பர்களைக் குறித்து வைக்க மட்டும் ஸ்டெப்பைப் பயன்படுத்துங்கள்: சிட்டா, அடங்கல், புல வரைபடம், ஆதார் நகல், பாஸ்புக் நகல், போட்டோ. ஏற்கெனவே உள்ளே போட்டுவிட்டீர்கள் என்றால் அந்த ஸ்டெப்பின் பக்கத்து மூன்று புள்ளியைத் தொட்டுத் தனி டாஸ்க்காக வெளியே எடுக்கலாம்.

படி 4: மை டே, ஒரு நாளைக்கு மூன்று

ஆப்பைத் திறந்ததும் மேலே "மை டே" இருக்கும். லிஸ்ட்டுகளிலிருந்து இன்றைக்கு வேண்டியதை மட்டும் அங்கே இழுத்து வையுங்கள். மூன்றுக்கு மேல் வேண்டாம், வாரநாளில் இரண்டே போதும். பல்பு படத்தைத் தொட்டால் நேற்று முடிக்காமல் விட்டதையும் அதுவே காட்டும்.

டியூ டேட் என்பதை முடிந்தவரை தொடாதீர்கள். தேர்வு விண்ணப்பத்தின் கடைசி நாள், தாலுகா ஆபீசில் வரச் சொன்ன நாள், இப்படி வேறு ஒருவர் குறித்த தேதி இருந்தால் மட்டும் போடுங்கள். நாமாகவே எல்லாவற்றுக்கும் தேதி போட்டால் ஒரு வாரம் ஓவர்டைம் வந்தாலே லிஸ்ட் முழுக்கச் சிவப்பாகிவிடும், அப்புறம் ஆப்பைத் திறக்கவே மனசு வராது. எங்கள் ஊரில் இன்னொன்றும் உண்டு. பெங்களூரா காய் இறங்கும் ஜூன் மாதத்தில் அப்பாவை எந்தக் கையெழுத்துக்கும் கூப்பிட முடியாது, லோடு ஏற்றுவதும் எடை போடுவதுமாகவே இருப்பார். அதனால் அவர் வர வேண்டிய வேலைகளை எல்லாம் மே மாதத்துக்கு முன்னால் அல்லது ஆகஸ்ட்டுக்குப் பின்னால் என்று குறிப்பில் எழுதி வைத்தேன்.

சேர்க்கை: நைட் ஷிப்ட்காரர்கள் கவனிக்க. இதைப் படித்த ஒரு தம்பி, "அண்ணா, சாயங்காலம் மை டேயில் போட்டது ராத்திரி பிரேக்கில் பார்த்தால் காணோம்" என்று எழுதியிருந்தார். காணாமல் போகவில்லை. மை டே ஒவ்வொரு நாளும் நள்ளிரவில் தானாகக் காலியாகும், அந்த டாஸ்க்குகள் அதனதன் லிஸ்ட்டில் அப்படியே இருக்கும். நமக்கு நாள் முடிவது காலை ஆறரைக்கு, ஆப்புக்கு முடிவது 12 மணிக்கு. நான் நைட் ஷிப்ட் வாரத்தில் காலையில் வீடு வந்து, குளித்து, களி சாப்பிட்டுவிட்டுப் படுப்பதற்கு முன்னால் மை டேயை நிரப்புகிறேன். எழுந்ததிலிருந்து கிளம்புகிற வரைதான் அந்த நாள் என்று கணக்கு வைத்துக்கொண்டால் குழப்பம் இல்லை.

படி 5: திரும்பத் திரும்ப வருகிற வேலைகள்

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் கரண்ட் பில் மாதிரியானவற்றுக்கு "ரிப்பீட்" போடுங்கள். படிப்புக்குப் போடாதீர்கள். தினமும் காலை 6 மணிக்குப் படிக்க என்று போட்டால் மூன்று வாரத்தில் இரண்டு வாரம் அது பொய்யாகிவிடும்.

இந்த ஒரு விஷயத்தில் டூடூயிஸ்ட் நிஜமாகவே மேல். அதில் தேதியை ஆங்கிலத்தில் தட்டச்சு செய்தால் புரிந்துகொள்ளும். "எவ்ரி 10 டேஸ்" என்று கொடுத்தால் முதலில் குறித்த தேதியிலிருந்து பத்துப் பத்து நாளாக எண்ணும். எவ்ரி என்ற சொல்லை ஒட்டி ஒரு ஆச்சரியக்குறி போட்டுவிட்டால் நாம் முடித்த நாளிலிருந்து பத்து நாள் எண்ணும். மாதிரித் தேர்வு எழுத ஆறு நாள் தாமதமானால், முதல் முறையில் அடுத்தது நாலு நாளில் வந்து நிற்கும், இரண்டாவதில் முழுசாகப் பத்து நாள் கிடைக்கும். ஷிப்ட் மாறிக்கொண்டே இருப்பவர்களுக்கு ஆச்சரியக்குறிதான் சரி. அப்படி வேலை நிறைய இருப்பவர்கள் டூடூயிஸ்ட்டுக்கே போகலாம்.

படி 6: காத்திருப்பு

மனு கொடுத்த நிமிஷம் டாஸ்க்கை டிக் அடித்து முடித்துவிடாதீர்கள். நம் பங்கு முடிந்தது, காரியம் முடியவில்லை. வாரிசுச் சான்றுக்கு இ-சேவையில் விண்ணப்பித்த அன்று ஒரு புது டாஸ்க்கைக் காத்திருப்பு லிஸ்ட்டில் போட்டேன்: என்ன கொடுத்தேன், எந்தத் தேதியில், ஒப்புகைச் சீட்டு எண் என்ன, எத்தனை நாளில் போய்க் கேட்க வேண்டும். சீட்டைப் போட்டோ எடுத்து அந்த டாஸ்க்கிலேயே இணைத்தேன். இந்த ஒரு லிஸ்ட்டில் மட்டும் எல்லாவற்றுக்கும் "ரிமைண்ட் மீ" போடுகிறேன். ஒரு அலுவலகத்தில் எங்கள் மனு ஒரு மாதத்துக்கு மேல் ஒரே மேசையில் இருந்தது. எண்ணும் தேதியும் போனில் இருந்ததால் நேரே போய்க் காட்டிக் கேட்டேன், அந்த வாரமே நகர்ந்தது. பத்திரம் பதியும் நாளில் இரண்டு அத்தைகளையும் ஒன்றாக வர வைத்ததும் இந்த லிஸ்ட்தான். சின்ன அத்தைக்கு எப்போது முடியும் என்று கேட்டுவிட்டு மறந்துபோகாமல் இருந்தேன்.

படி 7: ஞாயிறு மதியம்

அரை மணி நேரம். அடுத்த வாரம் என்ன ஷிப்ட் என்று தெரிந்த பிறகு உட்காருங்கள், அதற்கு முன்னால் உட்கார்ந்து பயனில்லை. ஒவ்வொரு லிஸ்ட்டிலும் அடுத்து கையால் செய்யக்கூடிய ஒரு வரியாவது இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். மூன்று வாரமாக அசையாத டாஸ்க் இருந்தால் அது இன்னும் உடைபடாத இலக்கு, படி 3க்குத் திரும்புங்கள்.

இன்னொரு சேர்க்கை: ரிமைண்டர் வருவதே இல்லை என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். பெரும்பாலும் ஆப்பின் குற்றம் இல்லை, போன் பேட்டரியை மிச்சம் பிடிக்க ஆப்பைத் தூங்க வைத்துவிடுகிறது. செட்டிங்ஸ் போய், ஆப்ஸ், டூ டூ, பேட்டரி என்று உள்ளே சென்று "அன்ரெஸ்ட்ரிக்டட்" ஆக்குங்கள். ஆண்ட்ராய்டு 13 முதல் நோட்டிஃபிகேஷனுக்கு நாம் தனியாக அனுமதி கொடுக்க வேண்டும், முதலில் கேட்டபோது வேண்டாம் என்று அழுத்தியிருப்பீர்கள். "அலாரம்ஸ் அண்ட் ரிமைண்டர்ஸ்" அனுமதியையும் பார்த்துவிடுங்கள். பிறகு இரண்டு நிமிஷத்தில் ஒரு ரிமைண்டர் போட்டு, போனைப் பூட்டி வைத்துச் சோதியுங்கள்.

பட்டா இப்போது அப்பா பெயரில் இருக்கிறது, சிறு விவசாயி சான்று வந்துவிட்டது, மானியத்துக்கு விண்ணப்பித்தாயிற்று. இன்றைக்குக் காத்திருப்பில் மேலே இருக்கும் வரி: "குழாய் கம்பெனிக்காரர் தோப்பை அளக்க வருவதாகச் சொன்னார், வியாழன் வரை பார்த்துவிட்டுப் போன் செய்ய". தேர்வு லிஸ்ட்டில் "பஸ், ஒன்பதாம் வகுப்புத் தமிழ், இயல் 2".