டூ ஸ்ட்ரோக் பனிவண்டியை விட்டு ஃபோர் ஸ்ட்ரோக்குக்கு மாறியபோது

பல வருடம் டூ ஸ்ட்ரோக் ஸ்னோமொபைல், அதாவது பனிவண்டிதான் ஓட்டினேன். பெட்ரோலோடு ஆயிலும் சேர்ந்து எரியும். உடையெல்லாம் புகை வாடை. ஃபோர் ஸ்ட்ரோக் வாங்கியதும் அந்தத் தொல்லை போனது, பெட்ரோலும் குறைவாகச் செலவானது. ஆனால் முதல் நாளே தோள் இரண்டும் கழன்றுவிடும் போலிருந்தது!

காரணம், என்ஜின் எடை. வால்வு, கேம்ஷாஃப்ட் போன்ற கூடுதல் பாகங்கள் எல்லாம் சேர்ந்து முன்பக்கம் கனத்துவிடுகிறது. முன்னால் பனியில் சறுக்கும் பட்டைகளான ஸ்கி இரண்டும் பனியில் அழுந்த, ஹேண்டில் திரும்ப மறுத்தது. போதாததற்கு, த்ராட்டிலை விட்டதும் என்ஜினே பிரேக் போலப் பிடித்து எடையை இன்னும் முன்னால் தள்ளியது.

முதலில் ஸ்கி ஸ்ப்ரிங்கோடு மல்லுக்கட்டினேன். வீண் வேலை. அப்புறம்தான் ட்ராக்கின், அதாவது வண்டியைத் தள்ளும் ரப்பர் பட்டையின் உள்ளே, முன்பக்கம் இருக்கும் ஷாக் அப்சார்பரைக் கவனித்தேன். அதன் ஸ்ப்ரிங்கைக் கொஞ்சம் இறுக்கினால் எடையில் ஒரு பங்கு ஸ்கியிலிருந்து ட்ராக்குக்கு மாறும். ஒரு சுற்று இறுக்கி, ஓட்டிப் பார்த்து, மறுபடி ஒரு சுற்று. கை லேசானது. ஆசைப்பட்டு இன்னும் இறுக்கியபோது வளைவில் ஸ்கி பிடிக்காமல் நேரே வழுக்கியது. சரி என்று அரைச் சுற்று தளர்த்தினேன்.

குளிரில் ஸ்டார்ட் ஆகாத சிக்கலுக்கு, கையேட்டில் சொன்ன சிந்தெட்டிக் ஆயிலும் ராத்திரியில் பேட்டரிக்குச் சார்ஜரும் போதுமாக இருந்தன. ஆழமான புதுப்பனியில் மட்டும் பழைய வண்டியின் லேசான உடம்பு இன்னும் நினைவுக்கு வருகிறது.