கடலில் பட்ட காயம் பழுக்காமல் காப்பது எப்படி

மூக்கையூரிலிருந்து தொண்டி வரையிலான கரையில் கடலில் இறங்கிப் பிழைப்பவர்களுக்குக் காயம் புதிதன்று. திருக்கை வால் அடித்தால் துடித்துப்போகிறோம், கெளிற்று முள் ஏறினால் கை மரத்துப்போகிறது, இறால் கொம்பு குத்தினால் விரலை ஒருமுறை உதறிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கிறோம். வலியை வைத்துக் காயத்தை எடைபோடும் இந்தப் பழக்கம்தான் சிக்கலைக் கொண்டுவருகிறது. திருக்கை தரும் வலி அதன் முள்ளிலுள்ள நஞ்சால் வருவது. நான்கு நாள் கழித்து ஆளைப் படுக்கையில் தள்ளுவதோ காயத்தின் வழியே உள்ளே போன நுண்ணுயிரி, அது போகும்போது வலிப்பதேயில்லை.

ஒரு மில்லிலிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 10 லட்சம் பாக்டீரியாக்கள் உள்ளன. அவற்றுள் மிகப் பெரும்பாலானவை நமக்கு எந்தத் தீங்கும் செய்யாதவை. நோயை உண்டாக்க வேண்டுமானால் ஒரு பாக்டீரியா முதலில் தோல் என்னும் வேலியைக் கடக்க வேண்டும், உள்ளே ஏதேனும் ஒன்றைப் பற்றிக்கொள்ள வேண்டும், தன்னை விழுங்க வரும் வெள்ளணுக்களிடமிருந்து தப்ப வேண்டும், இரும்புச்சத்து உள்ளிட்ட உணவைத் தேடிக்கொண்டு பெருக வேண்டும், அதன் பின்னரே நச்சாலும் நொதிகளாலும் தசையைக் கெடுக்க முடியும். 20 நிமிடத்திற்கு ஒருமுறை இரண்டாகப் பிரியும் ஒரே ஒரு பாக்டீரியா, தடுப்பாரில்லாத நிலையில், 8 மணி நேரத்தில் ஏட்டுக்கணக்கில் 1 கோடியே 67 லட்சத்தைத் தாண்டிவிடும். ஆகவே காயம் பட்ட முதல் சில மணி நேரத்தில் நாம் செய்வதே பின்னால் எந்த மருந்தையும்விடப் பெரிதாக உதவும்.

முதல் வேலை கழுவுவது. குடத்துக்குக் காசு கொடுத்து நல்ல தண்ணீர் வாங்கும் ஊர்களில் காயத்தைக் கடல்நீரிலேயே அலசிவிடும் வழக்கம் இருப்பதன் காரணம் புரிகிறது, ஆயினும் இந்த ஒரு செலவில் கணக்குப் பார்க்கக் கூடாது. குடிக்கும் தண்ணீரையே எடுத்து, காயத்தின் மேல் 5 நிமிடமாவது ஒழுகவிட்டு, சுற்றியுள்ள தோலைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். படகில் இருக்கும்போது காயம் பட்டால் குடிநீர்க் கேனைத் திறப்பதற்குக் கரை சேரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

கழுவும்போது உள்ளே தங்கிய முள் நுனி, சிப்பித் துணுக்கு, பவளப்பாறைத் துகள் ஆகியவற்றை வெளியேற்றுவது மிகவும் இன்றியமையாதது. நலமான தோலுக்குள் சீழ் பிடிக்க வைக்கப் பல லட்சம் ஸ்டாஃபிலோகாக்கஸ் பாக்டீரியாக்கள் தேவைப்பட்டன என்றும், அதே இடத்தில் ஒரு தையல் நூல் இருந்தபோது சில நூறே போதுமானதாக இருந்தன என்றும் 1957-இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. அன்னியப் பொருள் ஒன்று உள்ளே கிடந்தால் நுண்ணுயிரி அதைப் பற்றிக்கொண்டு வெள்ளணுக்களுக்கு எட்டாமல் ஒளிந்துகொள்கிறது. காயத்தின் மேல் மஞ்சளையோ காப்பித்தூளையோ புகையிலையையோ அப்புவது தவறு என்பதற்கும் இதுவே காரணம்: அந்தத் தூளும் ஓர் அன்னியப் பொருள்தான். டீசல் ஊற்றுவது அதனினும் கேடு, ஏனெனில் அது உயிருள்ள தசையைச் சாகடிக்கிறது, செத்த தசை நுண்ணுயிரிக்கு விருந்தாகிறது.

மண்டபம், சின்னப்பாலம் பக்கம் மரிக்கொழுந்துப் பாசி எடுக்கும் பெண்கள் விரல்களில் துணி சுற்றிக்கொண்டு மூழ்குகிறார்கள். பல மணி நேரம் கழித்து அந்தத் துணியை அவிழ்க்கும்போது விரல் வெளுத்துச் சுருங்கி, எது மடிப்பு எது கீறல் என்று கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும். அப்போதே பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று முடிவு செய்யாமல், நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து, தோல் காய்ந்து பழைய நிறத்துக்கு வந்த பிறகு வெளிச்சத்தில் ஒவ்வொரு விரலாகப் பார்ப்பது நல்லது. ஊறிய தோல் வலுவிழந்த வேலி என்பதால் சிறு கீறலும் அதில் வாசலாகிவிடுகிறது.

திருக்கை அல்லது கெளிறு குத்தியிருந்தால், பொறுக்கும் அளவு சூடான, 45 பாகை செல்சியசைத் தாண்டாத வெந்நீரில் அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம்வரை அந்தக் கையையோ காலையோ வைத்திருக்கலாம். மரத்த கைக்குச் சூடு தெரியாது, ஆகவே தண்ணீரை அடிபடாத கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். இந்தச் சூடு நஞ்சின் வலியைத் தணிக்குமேயன்றி நுண்ணுயிரியைக் கொல்லாது. கழுவும் வேலை அப்படியே இருக்கிறது. முள் நெஞ்சிலோ வயிற்றிலோ கழுத்திலோ ஆழ இறங்கியிருந்தால் பிடுங்காமல் 108-ஐ அழைக்க வேண்டும்.

வாய் சிறுத்து ஆழம் மிகுந்த குத்துக்காயத்தில் டெட்டனஸ் பற்றிய எண்ணம் வர வேண்டும். துருவில்தான் டெட்டனஸ் இருக்கிறது என்று பலர் நம்புகிறார்கள். உண்மையில் அதன் வித்துகள் மண்ணிலும் கால்நடைச் சாணத்திலும் கிடக்கின்றன, கொதிநீரையும் தாங்குகின்றன, காற்றுப் புகாத ஆழத்தில் முளைத்து நச்சைச் சுரக்கின்றன. அந்த நச்சு நரம்பின் வழியே தண்டுவடத்தை அடைந்து, தசையைத் தளரச் சொல்லும் கட்டளையை நிறுத்திவிடுகிறது. பெரும்பாலும் முதலில் தாடை இறுகும், பின்னர் உடலே வில்லாக வளையும். குத்திய 3 முதல் 21 நாட்களுக்குள் இது தொடங்குவதே வழக்கம், அதற்குள் காயம் ஆறியும் போயிருக்கலாம். அழுக்குப் பட்ட காயத்துக்கு, கடைசி ஊசி போட்டு 5 ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தால், மீண்டும் போட்டுக்கொள்ள வேண்டும். எப்போது போட்டோம் என்று நினைவில்லாதவர்கள் அதையும் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். ஒருமுறை நோய் வந்து பிழைத்தவருக்கும் எதிர்ப்பாற்றல் உண்டாவதில்லை என்பதால் ஊசியைத் தவிர வேறு வழியில்லை.

சர்க்கரை உள்ளவர்களும், கல்லீரல் கெட்டவர்களும், நெடுநாள் குடிப்பழக்கம் உள்ளவர்களும் இன்னொன்றையும் அறிந்திருக்க வேண்டும். விப்ரியோ வல்னிஃபிகஸ் என்னும் பாக்டீரியா காலராக் கிருமியின் உறவு. 20 பாகைக்கு மேற்பட்ட வெதுவெதுப்பான கரையோர நீரிலும், மழைநீர் கலந்து உப்புக் குறைந்த கழிமுகங்களிலும் நன்றாகப் பெருகும். தன்மேல் வழவழப்பான உறையைப் போர்த்திக்கொண்டு வெள்ளணுக்களின் பிடியிலிருந்து நழுவுகிறது. நலமாக உள்ளவரின் இரத்தத்தில் இரும்பு ஒரு புரதத்தோடு கட்டுண்டு கிடப்பதால் இதற்கு எளிதில் கிடைப்பதில்லை. கல்லீரல் கெட்டவரிடம் அந்தக் கட்டு தளர்கிறது, சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவரிடம் வெள்ளணுக்கள் மந்தமாகின்றன. எனக்குத் தெரிந்த ஒருவர், பல ஆண்டுச் சர்க்கரைக்காரர், இறால் கொம்பு குத்தியதைக் காலையில் மறந்தேபோனார், மறுநாள் மாலையில் முழங்கைவரை வீங்கி ஊதா நிறக் கொப்புளங்களோடு மருத்துவமனை சேர்ந்தார். எந்தக் கிருமி என்று எனக்குச் சொல்லப்படவில்லை, ஆனால் அந்த ஒன்றரை நாளின் வேகத்தை மறக்க முடியவில்லை.

வேகத்தை அளக்க எளிய வழி ஒன்றுண்டு. சிவந்த பகுதியின் ஓரத்தை ஒட்டி ஒரு பால்பாயிண்ட் பேனாவால் கோடு போட்டு, பக்கத்திலேயே மணியை எழுதிவிட்டு, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். சிவப்பு கோட்டுக்குள்ளேயே இருந்து மெல்ல மங்கினால் உடல் வென்றுகொண்டிருக்கிறது. கோட்டைத் தாண்டினாலோ, அக்குளிலோ தொடையிடுக்கிலோ நெறி கட்டினாலோ, குளிர்காய்ச்சல் வந்தாலோ அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். பார்வைக்குச் சிறிதாகத் தெரியும் காயத்தில் தாங்க முடியாத வலி எடுப்பதும், கருநீலக் கொப்புளம் எழும்புவதும், தலைசுற்றி மயக்கம் வருவதும் விடியும்வரை காத்திருக்கக் கூடாத அறிகுறிகள்.

மருத்துவரிடம் "முள் குத்திவிட்டது" என்று மட்டும் சொல்லாமல், கடலில், இன்ன மீனால், இத்தனை மணிக்குக் குத்தியது என்று சொல்ல வேண்டும், ஏனெனில் கடற்கிருமிகளுக்குத் தேர்ந்தெடுக்கும் மருந்து வேறு. மீதமிருந்த பழைய மாத்திரைகளை வீட்டிலிருந்து விழுங்கிவிட்டுப் போவது அவரைக் குழப்பும். காயம் ஆறி மூன்று, நான்கு வாரம் சென்ற பிறகு அதே இடத்தில் வலியில்லாத கட்டி ஒன்று எழும்பினாலும் கடலைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டும். காசநோய்க் கிருமியின் இனத்தைச் சேர்ந்த ஒரு மெதுவான பாக்டீரியா மீன் தொடும் கைகளில் அப்படித்தான் தலைகாட்டும், உடலின் உட்சூட்டைவிடக் குளிர்ந்த விரல்களையும் கைகளையும் அது விரும்புகிறது, அதற்கான சிகிச்சையோ மாதக்கணக்கில் நீளும்.