ரிமோட், சுவிட்ச், பிளக்: எதை எப்போது அணைப்பது என்பதில் நடக்கும் தவறுகள்

வீடுகளில் டிவி, ப்ரொஜெக்டர், ஸ்பீக்கர் எல்லாம் பொருத்திக் கொடுப்பது என் தொழில். போன மாதம் புதிதாக ஹோம் தியேட்டர் அமைத்த ஒரு தம்பி, "அண்ணா, இதைப் பாருங்க" என்று சோபாவுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு சுவிட்சைக் காட்டினார். ஒரே தட்டு. டிவி, ப்ரொஜெக்டர், ஆம்ப் (ஸ்பீக்கருக்கு ஒலியைப் பெருக்கித் தரும் பெட்டி), சப்வூஃபர் (அடித்தொனிக்கான பெரிய ஸ்பீக்கர்), செட்டாப் பாக்ஸ் எல்லாம் ஒரே நேரத்தில் அணைந்தன. "ஸ்டாண்ட்பையில ஒரு துளி கரண்ட் கூட வீணாகாதுண்ணா" என்றார். எனக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. தொழிலுக்கு வந்த புதிதில் நானும் இதே மாதிரி ஒரு சுவிட்சை, ஏறக்குறைய இதே இடத்தில்தான் வைத்திருந்தேன்.

ரிமோட்டில் மட்டும் அணைத்து வைப்பதுதான் ஸ்டாண்ட்பை. அப்போது சிவப்பு விளக்கு எரிந்தால் கரண்ட் ஓடுகிறது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அதை விட்டுவிடுகிறேன். விவரம் தெரிந்தவர்களும் சறுக்குகிற இடங்களை மட்டும் எழுதுகிறேன்.

எல்லா ஸ்டாண்ட்பையும் ஒன்று என்று நினைப்பது

முதலில் ஒரு கணக்கு. ஒரு வாட் வருடம் முழுக்க ஓடினால் 8.76 யூனிட். இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் பெருக்கல்தான்.

ஸ்டாண்ட்பையில் எந்தச் சாதனமும் ஒரு வாட்டுக்கு மேல் இழுக்கக் கூடாது என்ற முயற்சியைச் சர்வதேச எரிசக்தி முகமை 1999-இல் தொடங்கியது. ஐரோப்பிய ஒன்றியம் 2010-இல் அதைச் சட்டமாக நடைமுறைக்குக் கொண்டுவந்து, 2013-இல் சாதாரண ஸ்டாண்ட்பையின் வரம்பை அரை வாட்டுக்கு இறக்கியது. உலகம் முழுக்க விற்கிற கம்பெனிகள் ஒவ்வொரு சந்தைக்கும் தனித்தனியாக டிசைன் செய்வதில்லை. அதனால் அதற்குப் பின் வந்த பெரும்பாலான டிவிகள் சாதாரண ஸ்டாண்ட்பையில் அரை வாட்டை ஒட்டித்தான் இருக்கும். வருடத்துக்கு நாலரை யூனிட் கூட வராது.

ஆனால் அதே டிவியில் 'குவிக் ஸ்டார்ட்' என்று ஒரு வசதியை ஆன் செய்து வைத்திருப்பார்கள். படம் சில விநாடி முன்னதாக வர வேண்டும் என்பதற்காக உள்ளே பாதி டிவி விழித்திருக்கும். பத்து வாட் என்று வைத்துக்கொண்டால் கூட வருடத்துக்கு 87.6 யூனிட். ஹார்ட் டிஸ்க் வைத்த பழைய செட்டாப் பாக்ஸ் இன்னும் மோசம். ரிமோட்டில் அணைத்தால் படம் போகும், முன்பக்க விளக்கு மங்கும், உள்ளே டிஸ்க் சுற்றிக்கொண்டே இருக்கும். பெட்டியின் மேல் கையை வைத்துப் பாருங்கள். காலையில் தொட்டாலும் வெதுவெதுப்பாக இருந்தால் அது இரவு முழுக்கத் தூங்கவில்லை என்று அர்த்தம்.

கேம் கன்சோலும் இப்படித்தான். எக்ஸ்பாக்ஸில் ஸ்லீப் முறையை விட ஷட்டவுன் முறை 20 மடங்கு வரை குறைவாக இழுக்கும் என்று மைக்ரோசாஃப்டே சொல்கிறது. மெனுவுக்குள் போய் ஒரு தடவை மாற்றிவிட்டால் போதும், பிளக்கைத் தொட வேண்டிய வேலையே இல்லை.

ரிமோட்டில் அணைத்த கையோடு சுவிட்சையும் அணைப்பது

இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிற தவறு இது. மிச்சம் பிடிப்பது நாலு யூனிட், போவது ஒரு ப்ரொஜெக்டர் லேம்ப், சில சமயம் டிவியின் பேனலே, அதாவது திரையே.

என் முதல் ப்ரொஜெக்டரிலிருந்து ஆரம்பிக்கிறேன். லேம்ப் வைத்த மாடல். படம் முடிந்ததும் ரிமோட்டில் அணைப்பேன், அடுத்த நொடி மெயின் சுவிட்சையும் தட்டிவிட்டுப் படுக்கப் போவேன். ஃபேன் அப்போதுதான் சத்தமாகச் சுற்ற ஆரம்பித்திருக்கும். அந்தச் சத்தம் எரிச்சலாக இருந்ததும் நான் உடனே அணைத்ததற்கு ஒரு காரணம். அந்த ஃபேன் எதற்கு ஓடுகிறது என்று யோசிக்கவே இல்லை. அந்த லேம்ப்புக்குள் பாதரச ஆவி இருக்கிறது. எரியும்போது அதன் அழுத்தம் காற்றழுத்தத்தைப் போல 200 மடங்கு வரை போகும். சுண்டுவிரல் நகம் அளவு குவார்ட்ஸ் குமிழ்தான் அதைத் தாங்கி நிற்கிறது. விளக்கு அணைந்த பிறகும் ஒன்றிரண்டு நிமிடம் ஃபேன் ஓடி, அந்தச் சூட்டைச் சீராக இறக்க வேண்டும். பாதியில் கரண்டை வெட்டினால் சூடு உள்ளேயே தங்கி, குவார்ட்ஸையும் அதன் ஓர ஒட்டுகளையும் தின்னும். எனக்கு அதன் ஆயுளில் பாதி கூட முடிவதற்குள் ஒரு ராத்திரி 'டப்' என்று வெடித்தது. திறந்து பார்த்தால் ரிஃப்ளெக்டர் முழுக்கப் பொடிக் கண்ணாடி.

லேசர், எல்இடி ப்ரொஜெக்டர்களில் இந்த அபாயம் மிகக் குறைவு. ஆனாலும் ஃபேன் நிற்கும் வரை பொறுப்பது நல்லது.

இப்போது அதே தவறு ஓஎல்இடி டிவிகளில் திரும்ப வந்திருக்கிறது, அதுவும் யார் கண்ணுக்கும் படாமல். ஓஎல்இடி திரையில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்கிறது. அதற்குக் கரண்ட் கொடுக்கும் குட்டி டிரான்சிஸ்டர்களின் குணம் ஓட ஓடக் கொஞ்சம் கொஞ்சமாக மாறும். ஒரே மாதிரி சிக்னல் கொடுத்தாலும் ஒரு புள்ளி பிரகாசமாகவும் பக்கத்துப் புள்ளி மங்கலாகவும் தெரிய ஆரம்பிக்கும். இதைச் சரிசெய்யத்தான் எல்ஜி போன்ற டிவிகளில், மொத்தமாக 4 மணி நேரம் பார்த்த பிறகு ரிமோட்டில் அணைத்ததும் டிவி தானாகவே ஒவ்வொரு புள்ளியையும் அளந்து திருத்திக்கொள்கிறது. திரை கறுப்பாகத்தான் இருக்கும். சில நிமிடம் கழித்து உள்ளே ரிலே ஒன்று 'க்ளிக்' என்று விழும். அந்தச் சத்தம் கேட்டால் வேலை முடிந்தது. 2000 மணி நேரம் ஓடிய பிறகு இதிலேயே நீளமான ஒரு சுற்று வரும், அது சுமார் ஒரு மணி நேரம் எடுக்கும்.

சுவரில் அணைத்துவிட்டால் இதில் எதுவுமே நடக்காது.

ஒரு வீட்டில் ஒரு வருடமாக நாள் முழுக்கச் செய்திச் சேனல் ஓடியிருக்கிறது. தினமும் இரவு ரிமோட், உடனே சுவிட்ச். சாம்பல் நிறப் படம் போட்டுப் பார்த்தால், கீழே எழுத்து ஓடும் பட்டை இருந்த இடம் கோடு கிழித்த மாதிரி தெரிந்தது. பார்க்க வந்த ஒருவர் பேனலையே மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். நான் எதையும் கழற்றவில்லை. இனி சுவிட்சில் கை வைக்காதீர்கள், ராத்திரி ஸ்டாண்ட்பையிலேயே இருக்கட்டும் என்றேன். இரண்டு வாரம் கழித்துப் போனபோது பட்டை பெரும்பாலும் மறைந்திருந்தது. முழுவதும் போகவில்லை. இருட்டில் உற்றுப் பார்த்தால் அந்தக் கோடு இன்னும் மெல்லியதாகத் தெரிகிறது. அது நிரந்தரத் தேய்மானம், இனி போகாது. அவர் அலட்சியக்காரர் இல்லை, கரண்டை மிச்சப்படுத்த வேண்டும் என்ற நல்ல எண்ணத்தில் தினமும் செய்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அந்த டிவி விற்றவரோ பொருத்தியவரோ முதல் நாளே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

அந்தத் தம்பிக்கு நான் செய்து கொடுத்தது இதுதான். இரண்டு எக்ஸ்டென்ஷன் போர்டு. ஒன்றில் டிவியும் ப்ரொஜெக்டரும். அதற்குச் சுவிட்ச் எட்டாத இடத்தில், வெளியூர் போகும்போது மட்டும் அணைக்க. அதுவும் ரிமோட்டில் அணைத்து ஒரு மணி நேரம் கழித்து. இன்னொன்றில் சப்வூஃபர், ஆம்ப், டிவிடி பிளேயர். இவற்றை அவர் தினமும் அணைக்கலாம். செட்டாப் பாக்ஸை அதில் சேர்ப்பதா என்பது, ராத்திரி ஏதாவது ரெக்கார்டிங் போட்டு வைக்கிறாரா என்பதைப் பொறுத்தது. ஹார்ட் டிஸ்க் எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்டை வெட்டினால் ரெக்கார்டிங்கும் போகும், டிஸ்க்கும் கெடலாம்.

ஆம்பைக் கடைசியில் அணைப்பது

முதலில் அணைக்க வேண்டியது ஆம்ப், கடைசியில் போட வேண்டியதும் அதுதான். மாற்றிச் செய்தால் ஸ்பீக்கரில் விழும் அந்த 'தும்' சத்தம்தான் தண்டனை.

வால்வு ஆம்பை 'சூடாகவே இருக்கட்டும்' என்று விட்டுவைப்பது

வால்வு என்பது பழைய ரேடியோவில் இருந்த மாதிரி சூடாகி ஒளிரும் கண்ணாடிக் குழாய். பாட்டு கேட்கவில்லையா, அணையுங்கள். வால்வின் ஆயுளை அது எத்தனை மணி நேரம் ஓடியது என்பதை வைத்துத்தான் கணக்கிடுவார்கள்.

கிளாம்ப் மீட்டரை வைத்து ஸ்டாண்ட்பை அளப்பது

கிளாம்ப் மீட்டர் என்பது ஒயரைச் சுற்றிக் கவ்விக் கரண்டை அளக்கும் கருவி. அதில் ஆம்பியரை அளந்து வோல்ட்டால் பெருக்கிவிட்டு, "எட்டு வாட் இழுக்குது" என்று பதறுகிறவர்கள் நிறைய. அந்தக் கணக்கு இங்கே செல்லாது. டிவியின் பவர் சப்ளை வாசலில் மின் இரைச்சலை வடிகட்ட ஒரு கெப்பாசிட்டர் (மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் பாகம்) இருக்கும். அது 0.47 மைக்ரோஃபாரட் என்றால், 230 வோல்ட் 50 ஹெர்ட்ஸில் 34 மில்லி ஆம்பியர் காட்டும். பெருக்கினால் கிட்டத்தட்ட 8 வரும். ஆனால் அந்தக் கரண்ட் போய்த் திரும்பி வருவது, செலவாவது இல்லை. வீட்டு மீட்டர் அதை யூனிட்டாக எண்ணாது. பிளக்கில் செருகும் வாட் மீட்டர் வாங்குங்கள். மலிவான மீட்டர்கள் ஒரு வாட்டுக்குக் கீழே தடுமாறும். அதனால் பரவாயில்லை, நாம் தேடுவது பத்து வாட் இழுக்கிறவர்களைத்தான்.

மின்னலுக்கு ரிமோட்டை நம்புவது

ஸ்டாண்ட்பையில் இருக்கும் டிவி மெயினோடு இணைந்தேதான் இருக்கிறது. சுவர் சுவிட்சும் பெரும்பாலும் லைனை மட்டும்தான் வெட்டும், நியூட்ரல் அப்படியே இருக்கும். பிளக்கை முழுதாகப் பிடுங்க வேண்டும். கேபிள் ஒயர், ஆன்டெனா, நெட்வொர்க் ஒயர் எல்லாவற்றையும் சேர்த்து. இதை மழை வருவதற்கு முன்பே செய்யுங்கள். மின்னல் வெட்ட ஆரம்பித்துவிட்டால் எந்த ஒயரிலும் கை வைக்காதீர்கள்.

"நேற்று வரைக்கும் நல்லா ஓடிச்சே"

பல வருடம் ஸ்டாண்ட்பையிலேயே இருந்த டிவி. வெளியூர் போகும்போது முதல் தடவையாகச் சுவிட்சை அணைத்துவிட்டுப் போகிறார்கள். திரும்பி வந்தால் உயிர் வரவில்லை. அணைத்ததால்தான் கெட்டது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். உண்மையில் அது எப்போதோ கெட்டுவிட்டது. ஸ்டாண்ட்பை சப்ளையை எழுப்பிவிடும் சின்ன எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர் வருடக்கணக்காகச் சூட்டில் கிடந்து உலர்ந்திருக்கும். சூடு 10 டிகிரி ஏறினால் அதன் ஆயுள் பாதியாகும் என்பது இந்தத் தொழிலில் பழைய கணக்கு. ஓடிக்கொண்டிருக்கும் வரை அந்தப் பலவீனம் வெளியே தெரியாது. குளிர்ந்த பிறகு மறுபடி எழுப்பத்தான் அதற்குத் தெம்பு இருக்காது.

பெரும்பாலும் மலிவான ரிப்பேர்தான். போர்டையே மாற்ற வேண்டும் என்று யாராவது சொன்னால், முதலில் அந்தக் கெப்பாசிட்டரைப் பார்த்தீர்களா என்று கேளுங்கள். நீங்களே திறந்து பார்க்க வேண்டாம். பக்கத்திலேயே இருக்கும் பெரிய கெப்பாசிட்டரில், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கலாம்.