டிவைஸ் ட்ரீயில் டிஎம்ஏ: தவிர்க்க வேண்டிய தவறுகள்

போர்டில் என்ன வன்பொருள் எங்கே இருக்கிறது என்று லினக்ஸ் கெர்னலுக்குச் சொல்வது டிவைஸ் ட்ரீ கோப்பு; அதில் ஒவ்வொரு சாதனத்துக்கும் பஸ்ஸுக்கும் ஒரு பகுதி, அதாவது நோட், இருக்கும். புதிதாகச் சேர்ந்த இருவர் எழுதிய அப்படியொரு கோப்பைப் போன வாரம் படித்தேன். பல வருடங்களுக்கு முன் நான் செய்த அதே தவறு, கிட்டத்தட்ட அதே இடத்தில். அரைப்புள்ளி விட்டுப்போனால் கம்பைலரே சொல்லிவிடும். டிஎம்ஏ விஷயத்தில், அதாவது சாதனம் சிபியு வழியாகப் போகாமல் நேரடியாக நினைவகத்தைப் படித்து எழுதுவதில், யாரும் சொல்லாத தவறுகளை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

'டிஎம்ஏ-கோஹெரண்ட்' என்ற ஒற்றைச் சொல்

சாதனம் நினைவகத்தைத் தொடும்போது சிபியு கேஷில் (நினைவகத்தின் நகலைச் சிபியு தன் பக்கத்தில் வைத்திருக்கும் இடம்) இருப்பதையும் வன்பொருளே சரிபார்த்துக்கொள்ளும் என்று கெர்னலுக்கு நாம் கொடுக்கும் வாக்கு இது. ஆர்ம்64 கெர்னல் அதை அப்படியே நம்பி, கேஷைச் சுத்தம் செய்யும் வேலையை விட்டுவிடும். சிப் அப்படி வடிவமைக்கப்படவில்லை என்றால் தரவு கெடும், ஒரு எச்சரிக்கைகூட வராது.

நான் வேறொரு சிப்பின் கோப்பிலிருந்து இஎம்எம்சி (போர்டிலுள்ள சேமிப்பகம்) நோடை அப்படியே எடுத்து ஒட்டினேன். அந்தச் சொல்லும் கூடவே வந்துவிட்டது. போர்டு நன்றாகத்தான் பூட் ஆனது. லோடு ஏறினால் மட்டும் எப்போதாவது ஒரு கோப்பின் செக்சம் தவறும். கேஷைக் காலி செய்து மறுபடி படித்தால் சில நேரம் சரியாக வரும். ரேம் சிப்பை மாற்றினோம், மின்சாரத்தை அளந்தோம், மூன்று வாரம் போனது.

கடைசியில் நல்ல கோப்பையும் கெட்ட கோப்பையும் ஹெக்ஸ் டம்ப் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். கெட்ட பகுதி ஒவ்வொன்றும் சரியாக 64 பைட். தொடக்க முகவரிகள் 40, 80, 00 என்றே முடிந்தன. உள்ளே இருந்ததோ வேறொரு லாக் கோப்பின் பழைய வரிகள்! 64 பைட் என்பது அந்த சிபியுவின் ஒரு கேஷ் லைன், அதாவது கேஷ் ஒரே துண்டாகக் கையாளும் அளவு. அந்தச் சொல்லை நீக்கியதும் பிரச்சினை தீர்ந்தது.

இன்றும் இதே வரியை யாராவது யோசிக்காமல் ஒட்டுவதைப் பார்த்தால் எரிச்சல் வருகிறது. சிப்பின் மேனுவலில் அந்தச் சாதனம் கேஷைக் கவனிக்கும் பஸ்ஸில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே எழுதுங்கள். அதே சமயம், உண்மையிலேயே கோஹெரண்டான சாதனத்துக்கு எழுதாமல் விட்டாலும் தரவு கெடலாம்.

'டிஎம்ஏ-ரேஞ்சஸ்' பஸ் நோடில்

சாதனம் பயன்படுத்தும் நினைவக முகவரி, சிபியு பக்கம் எந்த முகவரி என்று சொல்வது இது. சாதனத்தின் சொந்த நோடில் எழுதினால் அந்தச் சாதனத்துக்கு அது பொருந்தாது; கெர்னல் மேலே உள்ள பஸ் நோடில்தான் தேடும். வரிசை: பஸ் பக்க முகவரி, சிபியு பக்க முகவரி, நீளம். ராஸ்பெர்ரி பை 4 நல்ல உதாரணம். அதன் பழைய டிஎம்ஏ இன்ஜின்களுக்கு எட்டுவது முதல் 1 ஜிபி மட்டுமே. பஸ் பக்கம் 3 ஜிபியில் தொடங்கும் முகவரி, சிபியு பக்கம் 0. முதல் இரண்டையும் மாற்றிப் போட்டால் சாதனம் எங்கோ எழுதும்.

'ரேஞ்சஸ்' இருந்தால் போதும் என்று நினைப்பது

போதாது. அது சிபியு சாதனத்தைப் பார்க்கும் வழி; சாதனம் நினைவகத்தைப் பார்க்கும் வழியைச் சொல்வது 'டிஎம்ஏ-ரேஞ்சஸ்'.

'நோ-மேப்', 'ரீயூசபிள்' ஒரே நோடில்

நினைவகத்தில் ஒரு பகுதியை ஒதுக்கிவைக்கும் நோடில் வரும் சொற்கள் இவை. சேர்த்து எழுதக் கூடாது. முதலாவது கெர்னல் அந்தப் பகுதியை மேப் செய்யவே வேண்டாம் என்கிறது, இரண்டாவது சும்மா இருக்கும்போது கெர்னல் பயன்படுத்திக்கொள்ளலாம் என்கிறது; ஒன்றுக்கொன்று முரண்.

டிரைவரில் டிஎம்ஏ மாஸ்க்

சாதனம் எத்தனை பிட் முகவரி வரை எட்டும் என்று டிரைவர் சொல்வது இது. சொல்லாவிட்டால் வழக்கமாக 32 பிட். அப்புறம் 4 ஜிபிக்கு மேல் உள்ள பஃபர்கள் பவுன்ஸ் பஃபர் (சாதனத்துக்கு எட்டும் இடத்தில் இருக்கும் இடைநகல்) வழியாகப் போகும். வேகம் குறைந்ததற்கு டிவைஸ் ட்ரீயில் காரணம் தேடிக்கொண்டிருப்பீர்கள்.