மின்னஞ்சலில் வந்த கோப்பைத் தேடும்போது செய்யும் தவறுகள்

மின்னஞ்சலோடு வந்த எக்செல் கோப்பை அங்கேயே இரண்டு முறை சொடுக்கித் திறக்கிறீர்கள். மதியம் முழுக்க உட்கார்ந்து திருத்துகிறீர்கள். கண்ட்ரோலும் எஸ்ஸும் அழுத்திச் சேமித்துவிட்டு வீட்டுக்குப் போகிறீர்கள். மறுநாள் காலையில் அதே மின்னஞ்சலைத் திறந்தால் திருத்தம் ஒன்றுகூட இல்லாத பழைய கோப்பு அப்படியே இருக்கிறது.

கணக்கு எழுதும் என் உறவினர் ஒருவர் ஒரு மார்ச் மாதக் கடைசியில் இப்படித்தான் தொலைபேசியில் கூப்பிட்டார். கோப்பு தொலைந்த வருத்தத்தைவிட, "சேமித்தேனே!" என்ற ஆற்றாமைதான் அவருக்குப் பெரிதாக இருந்தது. சேமித்தது உண்மைதான். எங்கே சேமித்தார் என்பதுதான் அவருக்குத் தெரியவில்லை.

விண்டோஸ் கணினியில் பழைய வகை அவுட்லுக் மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். இப்படித் தொலைப்பவர்களில் நான் பார்த்த பெரும்பாலோர் அவர்கள்தான். ஜிமெயிலைப் பிரௌசரில் பார்க்கிறவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. பதிவிறக்கினால் கோப்பு டவுன்லோட்ஸ் கோப்புறைக்குப் போய்விடும். அங்கே போய்ப் பார்த்தால் போதும்.

அவுட்லுக்கில் ஒரு இணைப்பைச் சொடுக்கினால், மின்னஞ்சலுக்குள் இருக்கும் கோப்பு திறப்பதில்லை. அவுட்லுக் அதற்கு ஒரு நகல் எடுத்து, கண்ணில் படாத ஒரு தற்காலிகக் கோப்புறையில் வைத்து, அந்த நகலைத்தான் வேர்டுக்கோ எக்செலுக்கோ கொடுக்கிறது. வேலை முடிந்ததும் நகலை அழித்துவிடுவது அதன் வழக்கம். ஆனால் நகல் இன்னும் எக்செலில் திறந்திருக்கும்போது அவுட்லுக்கை மூடினால், பயன்பாட்டில் இருக்கும் கோப்பை அழிக்க முடியாமல் விட்டுவிட்டுப் போகும். என் உறவினரின் கோப்பு பிழைத்ததற்கு அதுதான் காரணம். அவர் அவுட்லுக்கை முதலில் மூடி, எக்செலைப் பிறகு மூடியிருந்தார். திறமை ஒன்றுமில்லை, அதிர்ஷ்டம்.

பதற்றத்தில் எல்லோரும் முதலில் செய்வது, அதே மின்னஞ்சலுக்குப் போய் இணைப்பை மறுபடி மறுபடி திறப்பது. ஐந்தாவது தடவையாவது திருத்தம் வந்துவிடாதா என்ற நப்பாசை. ஒவ்வொரு தடவையும் மூலக் கோப்பிலிருந்து புதிய நகல்தான் வரும். முந்தைய நகல் அங்கே கிடந்தால் புதியதன் பெயரோடு (002), (003) என்று எண் ஒட்டிக்கொள்ளும். பிறகு கோப்புறையைக் கண்டுபிடித்தாலும் ஒரே பெயரில் ஆறேழு கோப்புகள் முன்னால் நிற்கும். அப்போது பெயரைப் பார்க்காதீர்கள். கடைசியாகத் திருத்திய தேதி, நேரப்படி அடுக்கிப் பாருங்கள். நேற்று மாலை நேரம் காட்டுவதுதான் உங்களுடையது.

கோப்பு திரையில் திறந்திருக்கும்போதே விஷயம் புரிந்துவிட்டதா? எதையும் மூட வேண்டாம், எங்கும் தேட வேண்டாம். சேவ் ஆஸ் கொடுத்து டாக்குமெண்ட்ஸில் வையுங்கள், முடிந்தது. அந்தப் பெட்டி திறக்கும்போது எந்தக் கோப்புறையைக் காட்டுகிறது என்பதையும் கவனியுங்கள். சில சமயம் அது தற்காலிகக் கோப்புறையையே காட்டும். பார்க்காமல் சரி என்று அழுத்தினால் கோப்பு மறுபடியும் அதே குழியில் விழும்.

மூடிவிட்டீர்கள் என்றால், எக்செலையோ வேர்டையோ திறந்து அண்மையில் திறந்த கோப்புகளின் பட்டியலைப் பாருங்கள். கோப்பின் பெயருக்குக் கீழே அது இருக்கும் இடமும் எழுதியிருக்கும். பாதிப் பேருக்கு வேலை இங்கேயே முடிந்துவிடும். ஆனாலும் யாரும் இதை முதலில் பார்ப்பதில்லை. ஸ்டார்ட் பட்டியலின் தேடல் பெட்டியில் கோப்பின் பெயரை அடித்துவிட்டு, "இல்லை என்கிறது" என்று கை விரிப்பார்கள். மறைத்து வைத்த அந்தக் கோப்புறைக்குள் சாதாரணத் தேடல் எட்டிப் பார்ப்பதில்லை. தேடலில் வராததால் கோப்பே அழிந்துவிட்டது என்று முடிவு கட்டுவதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு.

மவுசால் ஒவ்வொரு கோப்புறையாகத் திறந்துகொண்டு போவதும் வீண். மறைந்த கோப்புகளைக் காட்டு என்று அமைத்திருந்தாலும், பாதுகாக்கப்பட்ட இயங்குதளக் கோப்புகளை மறைக்கும் இன்னொரு அமைப்பு குறுக்கே நிற்கும். முகவரியை நேராகத் தட்டச்சு செய்வதே சுருக்கு வழி. விண்டோஸ் பொத்தானோடு ஆர் அழுத்தினால் வரும் பெட்டியில் %லோக்கல்ஆப்டேட்டா% (%localappdata%) என்று ஆங்கிலத்தில் இடைவெளியில்லாமல் அடியுங்கள். திறக்கும் கோப்புறையின் முகவரிப் பட்டையில், இருக்கும் முகவரியின் கடைசியில் சாய்கோடு போட்டு மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், ஐநெட்கேஷ் (INetCache), கன்டென்ட்.அவுட்லுக் (Content.Outlook) ஆகியவற்றை இதே வரிசையில், நடுநடுவே சாய்கோட்டோடு சேருங்கள். விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் இதுதான் இடம். விண்டோஸ் 7 என்றால் ஐநெட்கேஷுக்குப் பதிலாக டெம்பரரி இன்டர்நெட் ஃபைல்ஸ். உள்ளே எட்டு எழுத்தும் எண்ணும் கலந்த, பொருளற்ற பெயரில் ஒரு கோப்புறை இருக்கும். தேடுவது அதற்குள் கிடைக்கும்.

அப்படியும் கிடைக்காவிட்டால், விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியில் பார்க்கலாம். ஹெச்கீ கரண்ட் யூசர் என்பதன் கீழ் சாஃப்ட்வேர், மைக்ரோசாஃப்ட், ஆஃபீஸ், 16.0, அவுட்லுக், செக்யூரிட்டி என்று போனால் அவுட்லுக்செக்யூர்டெம்ப்ஃபோல்டர் என்ற வரியில் முழு முகவரியும் இருக்கும். 16.0 என்பது ஆஃபீஸ் 2016க்கும் அதற்குப் பின் வந்தவற்றுக்கும் பொருந்தும், 2013க்கு 15.0, 2010க்கு 14.0. முகவரியை நகலெடுத்துக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள். வந்ததுதான் வந்தோம் என்று அங்கே எதையாவது அழித்துவிட்டு, அவுட்லுக்கே திறக்கவில்லை என்று புலம்பியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொரு ஏமாற்றமும் உண்டு. கோப்பின் பெயருக்கு முன்னால் அலைக்கோடும் டாலர் குறியும் (~$) போட்ட ஒன்று தட்டுப்பட்டால் மகிழ்ந்துவிடாதீர்கள். கோப்பை யார் திறந்து வைத்திருக்கிறார் என்று குறித்துவைக்கும் சீட்டு அது. உங்கள் திருத்தம் எதுவும் அதில் இருக்காது.

சேமிக்காமலே மூடியவர்கள் இந்தக் கோப்புறையைத் தோண்டிப் பயனில்லை. அவர்கள் போக வேண்டியது வேர்டின் ஃபைல் பட்டியலில், இன்ஃபோவுக்குள், மேனேஜ் டாக்குமெண்ட் என்ற இடத்துக்கு. எக்செலில் அதன் பெயர் மேனேஜ் வொர்க்புக். சேமிக்காத கோப்புகளை மீட்கும் வசதி அங்கே இருக்கிறது. தானியங்கி மீட்பு வழக்கமாகப் பத்து நிமிடத்துக்கு ஒரு முறைதான் பதிவு செய்யும் என்பதால் கடைசிச் சில வரிகள் போயிருக்கலாம்.

"கணினி மெதுவாக இருக்கிறது, துப்புரவு மென்பொருளை ஓட்டிவிட்டுத் தேடலாம்" என்று சொல்கிறவர் ஒவ்வோர் அலுவலகத்திலும் ஒருவர் இருப்பார். அவரைக் கணினிப் பக்கமே விடாதீர்கள். விண்டோஸோடு வரும் டிஸ்க் கிளீனப்பும் சரி, ஸ்டோரேஜ் சென்ஸும் சரி, முதலில் கை வைப்பதே தற்காலிகக் கோப்புகளில்தான். அழிந்த பிறகு மீட்பு மென்பொருளை அதே டிரைவில் நிறுவுவது அதைவிட மோசம். அழிந்த கோப்பு இருந்த இடத்திலேயே புதியது எழுதப்பட்டுவிடலாம். உங்கள் டிரைவ் சுழலும் தட்டு இல்லாத எஸ்எஸ்டி வகை என்றால் மீளும் வாய்ப்பே குறைவு.

கோப்பு கிடைத்ததும் அங்கேயே திறந்து வேலையைத் தொடர வேண்டாம். முதலில் டாக்குமெண்ட்ஸுக்கு ஒரு நகல் எடுங்கள். என் உறவினர் சந்தோஷத்தில் அதையும் மறந்து அங்கேயே திறந்துவிட்டார். மறுமுனையிலிருந்து கத்த வேண்டியதாயிற்று.

அன்று அந்தக் கோப்புறையில் அவருடைய கணக்கு மட்டும் இருக்கவில்லை. பல மாதங்களாக அங்கே தங்கிப்போன சம்பளப் பட்டியல்கள், யாருடையதோ ஆதார் நகல், வங்கி அறிக்கை ஒன்று எல்லாம் கிடந்தன. அந்தக் கணினியை, அதே கணக்கில் நுழைந்து மூன்று பேர் மாறி மாறிப் பயன்படுத்துகிறார்கள். தன் கோப்பை வெளியே எடுத்து, அது சரியாகத் திறக்கிறதா என்று பார்த்த பிறகு, மற்றவற்றை அவரே உட்கார்ந்து அழித்தார்.