வெளியீட்டு நாளுக்கு முன்பே நேரும் தவறுகள்: சிறு கேம் குழுக்களும் ஸ்டீம் சந்தையும்

மூன்று பேர் சேர்ந்து இரண்டரை ஆண்டுகள் உழைத்து ஒரு கேமை முடித்துவிட்டு, வெளியீட்டுக்கு மூன்று வாரங்கள் இருக்கும்போது “சரி, இனி மார்க்கெட்டிங்கைப் பார்க்கலாம்” என்று உட்காருவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். அந்த மூன்று வாரங்களில் அவர்கள் செய்வதில் பெரிய பிழை ஒன்றும் இருப்பதில்லை, காலம்தான் கடந்திருக்கும். கணினி கேம்களுக்கான மிகப் பெரிய கடையான ஸ்டீமில், பயனர்களின் வாக்குகளைப் பெற்றால்தான் இடம் கிடைக்கும் என்றிருந்த கிரீன்லைட் முறை 2017 ஜூனில் முடிவுக்கு வந்து, ஒரு கேமுக்கு 100 டாலர் கட்டினால் போதும் என்ற நிலை ஏற்பட்டது. கதவு அகலத் திறந்ததன் விளைவாக, 2024இல் மட்டும் அங்கே 18,000க்கும் மேற்பட்ட கேம்கள் வெளியாயின. நாளொன்றுக்கு ஏறத்தாழ 50 என்று கணக்கு வருகிறது. இந்த நெரிசலில் நல்ல கேமை யாராவது தாமாகவே கண்டெடுப்பார்கள் என்று நம்பியிருப்பதுதான் முதல் தவறு. மற்ற தவறுகளில் பெரும்பாலானவை அதிலிருந்து கிளைப்பவை.

ஸ்டீமின் விதிப்படி, ‘விரைவில் வெளியாகும்’ என்று அறிவிக்கும் கடைப் பக்கம் வெளியீட்டுக்குக் குறைந்தது இரண்டு வாரங்களுக்கு முன்பே பொதுப் பார்வைக்கு வந்துவிட வேண்டும். விதி சொல்வது குறைந்தபட்சக் காலத்தை மட்டுமே. பலர் அதையே போதுமான காலமாக எடுத்துக்கொள்கிறார்கள். பக்கத்தைப் பார்ப்பவர், வாங்க விரும்பும் கேம்களைக் குறித்துவைக்கும் விஷ்லிஸ்ட் பொத்தானை அழுத்தியிருந்தால், கேம் வெளியாகும் அன்று அவருக்கு ஸ்டீமே மின்னஞ்சல் அனுப்பிவிடும். விஷ்லிஸ்ட் எண்ணிக்கை நன்றாக ஏறிய கேம்கள், வெளியீடு நெருங்கும்போது கடையின் முகப்பிலுள்ள எதிர்பார்க்கப்படும் கேம்களின் பட்டியலிலும் இடம்பெறும். விளம்பரத்துக்குப் பணமில்லாத குழுவுக்கு இதைவிட மலிவான உதவி வேறெங்கும் கிடைக்காது. ஆனால் அந்த எண்ணிக்கை சேர மாதங்கள் பிடிக்கும். கேமின் தோற்றம் நிலைபெற்று, வெட்கப்படாமல் காட்டக்கூடிய ஐந்தாறு படங்கள் கையில் இருந்தால் பக்கத்தைத் திறந்துவிடலாம் என்பது என் கருத்து. சமூக ஊடகத்தில் இரண்டு ஆண்டுகளாக அழகழகான காட்சித் துணுக்குகளைப் பகிர்ந்துவிட்டு, அவற்றைப் பார்த்து ஆர்வம் கொண்டவர்களை அனுப்பிவைக்க ஒரு பக்கம்கூட இல்லாமல் இருந்த குழுக்களை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது.

பக்கத்தைத் திறந்தாலும், அதில் உள்ளவை வாங்க வருபவரின் கண்ணுக்காக அல்லாமல் செய்தவரின் பெருமைக்காக அமைந்துவிடுவது அடுத்த தவறு. டிரெய்லர் ஒன்றை நினைத்துப் பாருங்கள்: முதல் நான்கு விநாடிகள் குழுவின் சின்னம் மெல்லத் தோன்றி மறைகிறது, அடுத்து கேமை உருவாக்க உதவிய மென்பொருளான கேம் எஞ்சினின் சின்னம், பிறகு கறுப்புத் திரையில் “நீண்ட காலத்துக்கு முன்பு ஓர் இருண்ட உலகில்…” என்று எழுத்துகள் ஊர்கின்றன. பதினைந்தாவது விநாடியில்தான் கதாபாத்திரம் நடக்கத் தொடங்குகிறது. அதற்குள் பார்த்துக்கொண்டிருந்தவர் அடுத்த கேமுக்குப் போய்விட்டார். விளையாடுபவர் என்ன செய்யப்போகிறார் என்பதை முதல் ஐந்து விநாடிகளுக்குள் காட்டாத டிரெய்லர், குறும்படமாக எவ்வளவு நன்றாக இருந்தாலும், கடைக்கு உதவாது.

சுருக்க விளக்கமும் இப்படித்தான். “உணர்வுபூர்வமான கதையும் தனித்துவமான அனுபவமும் கொண்ட கேம்” என்ற வரியை எந்தக் கேமின் தலையிலும் சூட்டலாம் என்பதால் அது எதையும் விற்பதில்லை. டொராண்டோவிலுள்ள விசை கேம்ஸ் 2023 ஜூலையில் வெளியிட்ட ‘வெண்பா’வை எடுத்துக்கொள்ளுங்கள்: 1980களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழ்த் தாய், சிதைந்துபோன சமையல் குறிப்புகளிலிருந்து பழைய உணவுகளை மீட்டுச் சமைக்கிறாள். ஒரே வாக்கியத்தில் காலமும் இடமும் வந்துவிடுகின்றன, கை செய்யும் வேலையும் தெரிந்துவிடுகிறது. இட்லித் தட்டை எந்த வரிசையில் அடுக்குவது என்று யோசிப்பதுதான் விளையாட்டு என்பது புரிந்தவுடன், அது தமக்கானதா இல்லையா என்று படிப்பவரே முடிவு செய்துகொள்கிறார். கேமின் முகப்புப் படத்துக்கும் ஒரு குறிப்பு: பரிசுச் சின்னங்களையும் விமர்சன மதிப்பெண்களையும் அதில் பொறிப்பதற்கு 2022 செப்டம்பர் முதல் ஸ்டீம் தடை விதித்திருக்கிறது. கேமின் பெயரும் ஒரு தெளிவான காட்சியும் போதும். கட்டைவிரல் அளவுக்குச் சுருக்கினாலும் பெயர் வாசிக்கும்படி இருக்க வேண்டும்.

ஆண்டுக்கு மூன்று முறை நடக்கும் ஸ்டீம் நெக்ஸ்ட் ஃபெஸ்ட் என்ற டெமோ திருவிழாவில் ஒரு கேம் ஒரே ஒரு முறைதான் பங்கேற்க முடியும். இது தெரியாமல், அரைகுறை டெமோவுடன், பக்கத்தை யாருமே அறியாத நிலையில் அந்த வாய்ப்பைச் செலவழித்துவிடுகிறார்கள். வெளியீட்டுக்கு முன்னால் வரும் கடைசித் திருவிழாவே பெரும்பாலும் சரியான தேர்வு.

வெளியீட்டுத் தேதியைத் தம் வசதியை மட்டும் பார்த்துக் குறிப்பது சிறியவர்களின் தவறு மட்டுமல்ல. 2016 அக்டோபர் 28 அன்று வெளியான ‘டைட்டன்ஃபால் 2’ விமர்சகர்களிடம் மிக நல்ல பெயர் வாங்கியது. ஆனால் அதற்கு ஒரு வாரம் முன்னால் ‘பேட்டில்ஃபீல்ட் 1’, ஒரு வாரம் பின்னால் ‘கால் ஆஃப் டியூட்டி’யின் அந்த ஆண்டுப் பதிப்பு என்று இரண்டு பெரிய துப்பாக்கிச் சண்டை கேம்களுக்கு நடுவில் அது நசுங்கியது, இத்தனைக்கும் ‘பேட்டில்ஃபீல்ட்’, ‘டைட்டன்ஃபால் 2’வை வெளியிட்ட அதே எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனத்தின் சொந்த வெளியீடு. இதற்கு மாறாக, பலர் நெடுங்காலம் எதிர்பார்த்திருந்த ‘ஹாலோ நைட்: சில்க்சாங்’ கேம் 2025 செப்டம்பர் 4 அன்று வரும் என்று இரண்டே வாரம் முன்னதாக அறிவிக்கப்பட்டதும், பல சிறு குழுக்கள் தம் தேதிகளைத் தள்ளி வைத்தன. அதைக் கோழைத்தனம் என்று சிலர் கேலி செய்தார்கள். வாங்குபவரின் அந்த வார நேரமும் பணமும் எங்கே போகும் என்று தெரிந்த பின்னும் அதே நாளில் பிடிவாதமாக நிற்பதில் வீரம் ஒன்றுமில்லை.

இவை எல்லாவற்றையும்விட ஆழமான காயம், இல்லாததை இருப்பதாக நம்பவிடுவதால் உண்டாகிறது. இங்கிலாந்தின் கில்ட்ஃபோர்டிலுள்ள ஹெலோ கேம்ஸ் என்ற சிறிய குழு ‘நோ மேன்ஸ் ஸ்கை’யை 2013 டிசம்பரில் அறிவித்து, 2016 ஆகஸ்டில் வெளியிட்டது. இடைப்பட்ட காலத்து நேர்காணல்களில், எல்லையற்ற அண்டத்தில் இரண்டு விளையாட்டாளர்கள் ஒருவரையொருவர் சந்திப்பது அரிது, ஆனால் இயலும் என்ற எண்ணம் பரவியிருந்தது. வெளியான முதல் நாளே இருவர் ஒரே கோளின் ஒரே இடத்துக்குப் போய் நின்றார்கள். ஒருவர் கண்ணுக்கு மற்றவர் தெரியவில்லை. விளம்பரங்கள் ஏமாற்றுபவை என்ற புகாரை பிரிட்டனின் விளம்பரக் கண்காணிப்பு அமைப்பு விசாரித்து அதே ஆண்டு நவம்பரில் தள்ளுபடி செய்தது என்றாலும், வாங்கியவர்களின் கோபத்தை அந்தத் தீர்ப்பு தணிக்கவில்லை. குழு நீண்ட காலம் பேசாமல் இருந்து, இலவசப் புதுப்பிப்புகளை ஒன்றன்பின் ஒன்றாக வெளியிட்டது. முழுமையான பல்விளையாட்டாளர் வசதி 2018 ஜூலையில்தான் வந்தது. அவர்கள் மீண்டெழுந்த கதையைச் சொல்லி “பிறகு சரிசெய்துகொள்ளலாம்” என்று ஆறுதல் தேடுபவர்கள், முதல் வார விற்பனையே அவர்களுக்கு ஆண்டுக்கணக்கில் உழைப்பதற்கான பணத்தைத் தந்துவிட்டது என்பதை மறந்துவிடுகிறார்கள். முந்நூறு பிரதிகள் விற்ற குழுவுக்கு இரண்டாம் வாய்ப்பை வாங்கப் பணம் இருக்காது. ஆகவே நேர்காணலில் “அதுவும் வருமா?” என்ற கேள்விக்கு, முடிவு செய்யாத நிலையில் “வராது” என்று சொல்லிவிடுவதே நல்லது, பின்னால் வந்துவிட்டால் யாரும் குறை சொல்லப்போவதில்லை.

வெளியீடு நெருங்கும்போது அஞ்சல் பெட்டியில் “எனக்கு 20 லட்சம் சந்தாதாரர்கள், மூன்று கீ அனுப்புங்கள்” என்ற கடிதங்கள் குவியும். கீ என்பது பணம் கட்டாமலே ஸ்டீமில் கேமைத் திறக்க உதவும் குறியீடு. பெயர் பெற்ற யூடியூபர்களின் பெயரில் வரும் இவற்றில் பெரும்பகுதி போலி. அனுப்பிய கீகள் மறுவிற்பனைத் தளங்களில் போய் நிற்கும். அந்தச் சேனலின் அறிமுகப் பகுதியில் உள்ள மின்னஞ்சல் முகவரியோடு ஒப்பிட்டுப் பார்க்க ஒரு நிமிடம் போதும். நண்பர்களுக்குக் கீ கொடுத்து நல்ல ரிவ்யூ எழுதச் சொல்வதும் வீண் வேலைதான்: கேமுக்கு மதிப்பீட்டு அடையாளம் தோன்றப் பத்து ரிவ்யூக்கள் வேண்டும், ஆனால் ஸ்டீமிலேயே பணம் கொடுத்து வாங்கியவர்கள் எழுதியவை மட்டுமே அந்தக் கணக்கில் சேரும் என்று 2016இல் விதி மாறிவிட்டது.

விலையை முடிவு செய்யும்போது கைக்கு வருவது எவ்வளவு என்று எழுதிப் பார்க்காதவர்கள் அதிகம். அமெரிக்காவில் 10 டாலருக்கு ஒரு பிரதி விற்றால் ஸ்டீம் 30 சதவீதத்தை எடுத்துக்கொள்ள, மிச்சம் 7 டாலர். அதில் அமெரிக்க வரிப்பிடித்தம் 15 சதவீதம் போனால், இந்தியாவிலிருந்து வெளியிடுபவருக்குக் கிடைப்பது 5 டாலர் 95 சென்ட். 20 சதவீதத் தள்ளுபடியில் விற்றால் அதுவே 4 டாலர் 76 சென்டாகும். தள்ளுபடியிலும் ஒரு நுணுக்கம் உண்டு: விஷ்லிஸ்டில் வைத்திருப்பவர்களுக்கு மின்னஞ்சல் போக வேண்டுமானால் தள்ளுபடி 20 சதவீதமாவது இருக்க வேண்டும். மனம் வராமல் 15 சதவீதம் கொடுப்பவர் லாபத்தையும் இழக்கிறார், அந்த இலவச அஞ்சலையும் இழக்கிறார். வாங்கிய 14 நாட்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திரும்பப் பெறலாம் என்பதால், ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும் கேமை வெளியிடுபவர் அதன் நீளத்தைப் பக்கத்தில் மறைக்காமல் எழுதிவிடுவது நல்லது. எதிர்பார்ப்போடு வந்து ஏமாந்தவர்களே பெரும்பாலும் பணத்தைத் திருப்பிக் கேட்கிறார்கள்.

மேலே சொன்ன 15 சதவீத வரிப்பிடித்தம் தானாகக் கிடைப்பதன்று. ஸ்டீமின் வரிப் படிவத்தில் இந்திய–அமெரிக்க வரி ஒப்பந்தத்தின் சலுகையைக் கோரும் பகுதியை நிரப்பி, பான் எண்ணையும் குறிப்பிட்டால்தான் அது பொருந்தும். இல்லாவிட்டால் பிடித்தம் 30 சதவீதமாகி, அதே பிரதிக்கு 4 டாலர் 90 சென்ட்தான் வரும். அந்தப் படிவம் ஸ்டீமில் பதிவு செய்யும் தொடக்கத்திலேயே, கேமின் பெயரைக்கூட உள்ளிடுவதற்கு முன்னால் வந்துவிடும் என்பதால், ஆர்வத்தில் ‘அடுத்து’ பொத்தானை அழுத்திக்கொண்டே போகாமல், வங்கிக் கணக்கில் உள்ளபடியே பெயரை எழுதி, பான் அட்டையை மேசைமேல் எடுத்து வைத்துக்கொண்டு நிரப்புங்கள்.