பெர்லினில் புதுக்குடித்தனம்: முதலில் அடுப்படி, பிறகு நாய்க்குட்டி

திருமணம் முடிந்து, விசா கைக்கு வந்து, பெர்லினில் தனிக்குடித்தனம் தொடங்கும் தமிழ்த் தம்பதிகளுக்குச் சில மாதங்களுக்குள் இரண்டு ஏக்கங்கள் தலைகாட்டிவிடுகின்றன. ஒன்று வீட்டுச் சாப்பாடு. மற்றொன்று, ஊரில் இருந்தவரை "வீட்டுக்குள்ளே நாயா?" என்று பெரியவர்கள் தடுத்துவைத்திருந்த நாய்க்குட்டி. இவ்விரண்டையும் தொடர்பில்லாத ஆசைகளாகவே பலரும் எண்ணுகிறார்கள். ஆனால் நம் சமையலின் அடிப்படையாக இருக்கும் வெங்காயமும் பூண்டும் நாய்க்கு நஞ்சு. பாயசத்தில் போடும் திராட்சையும் அப்படியே. ஆகவே அடுப்படி ஓர் ஒழுங்குக்கு வந்து, அதில் இருவருடைய கையும் பழகிய பிறகே குட்டியைப் பற்றிப் பேசத் தொடங்குவது நல்லது. இந்த வழிகாட்டியும் அந்த வரிசையிலேயே செல்கிறது.

அடுப்பும் பாத்திரமும்

ஜெர்மனியில் வாடகை வீடு பார்க்கும்போது சமையலறை என்ற பெயரில் நான்கு சுவரும் ஒரு தண்ணீர்க் குழாயும் மட்டுமே இருப்பதைக் கண்டு திகைக்க வேண்டியதில்லை. பல வீடுகளை அப்படித்தான் விடுகிறார்கள். பெர்லினில் அடுப்பும் பாத்திரம் கழுவும் தொட்டியுமாவது பெரும்பாலும் இருக்கும். அந்த அடுப்பு எவ்வகை என்பதை வீட்டைப் பார்க்கும் நாளிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். இண்டக்‌ஷன் அடுப்பு என்றால் ஊரிலிருந்து கொண்டுவரும் அலுமினிய குக்கரும் வாணலியும் அதில் சூடேறா. பாத்திரத்தின் அடியில் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டினால் கொண்டுவரலாம், ஒட்டாவிட்டால் ஊரிலேயே விட்டுவிடலாம். கண்ணாடிப் பரப்பின் கீழே கம்பிச் சுருள் பழுக்கும் சாதாரண மின்னடுப்பில் அலுமினியம் வேலை செய்யும். ஆனால் அடி தட்டையாக இருக்க வேண்டும். குழிந்த தோசைக்கல்லும் உருண்டை அடிகொண்ட தாளிப்புக் கரண்டியும் அங்கே உதவா. இந்த அடுப்பில் இன்னொரு சங்கடமும் உண்டு. அணைத்த பிறகும் நெடுநேரம் சூடு தங்கியிருக்கும் என்பதால், மூன்றாவது விசில் வந்ததும் குமிழைத் திருப்பினால் மட்டும் போதாது, குக்கரையே தூக்கி மாற்றிடத்தில் வைக்க வேண்டும். எரிவாயு அடுப்பில் பழகிய கைக்கு இது படிய நாளாகும். அதுவரை பாலும் பொங்கும், பருப்பும் அடிபிடிக்கும்.

மிக்சியும் சிறிய கிரைண்டரும் 230 வோல்ட்டில் இங்கும் ஓடும். பிளக்கிற்கு மட்டும் ஓர் அடாப்டர் வேண்டும். எந்நேரத்தில் ஓட்டலாம் என்பதே கேள்வி. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரையும், ஞாயிற்றுக்கிழமை முழுவதும், இரைச்சல் கூடாத நேரம். ஆகவே இட்லி மாவு அரைப்பதைச் சனிக்கிழமை பிற்பகலுக்கு மாற்றிக்கொண்டால் கீழ்வீட்டாரோடு மனத்தாங்கல் வராது. குளிர்காலத்தில் மாவு புளிக்கவில்லை என்ற குறைக்கு எளிய வழி, ஓவனுக்குள் விளக்கை மட்டும் எரியவிட்டு மாவுப் பாத்திரத்தை வைப்பது. பொங்கி வழிந்தால் தாங்குவதற்கு அடியில் ஒரு தட்டு வையுங்கள். முக்கியமாக, ஓவன் குமிழின்மேல் "உள்ளே மாவு" என்று எழுதிய தாளை ஒட்டுங்கள். இல்லையேல் மறுநாள் காலையில் பீட்சா சுட வந்தவர் முதலில் மாவைச் சுட்டுவிடுவார்.

பெட்டியில் எதைக் கட்டுவது

ஊரிலிருந்து கிளம்பும்போது அம்மாவும் அத்தையும் ஆளுக்கொரு பொட்டலம் திணிப்பார்கள். ஐரோப்பிய ஒன்றியத்திற்குள் பயணிகள் இறைச்சியையும் பால் பொருள்களையும் கொண்டுவரக் கூடாது. எனவே வீட்டு நெய்க்கும் பால்கோவாவுக்கும் விமான நிலையத்தோடு ஆயுள் முடிந்துவிடும். பச்சைக் காய்கறி, பழம், இலை ஆகியவற்றுக்குத் தாவர நலச் சான்றிதழ் வேண்டும் என்பதால் பச்சைக் கறிவேப்பிலையையும் கட்ட வேண்டாம். தேங்காய், வாழைப்பழம், அன்னாசி, பேரீச்சை, துரியன் என்ற ஐந்துக்கு மட்டுமே இதில் விலக்கு. இடத்தை அடைக்கும் இவற்றுக்குப் பதிலாக, சாம்பார்ப் பொடி, ரசப் பொடி, இட்லிப் பொடி ஆகியவற்றை மெஷினில் கொடுத்து அரைத்து வாங்கிவருவதே புத்திசாலித்தனம். பெர்லின் வீட்டில் சன்னல் சாத்திய சனவரியில் மிளகாய் வறுத்தால் மாடிப்படி முழுவதும் தும்மும். அடுப்புக்கு மேலே இருக்கும் புகைவாங்கி பல வீடுகளில் காற்றை வெளியேற்றுவதே இல்லை, வடிகட்டித் திருப்பி உள்ளேயே விடுகிறது. தாளித்து முடித்ததும் சன்னல்களை அகலத் திறந்து ஐந்து பத்து நிமிடம் காற்றோட விடுவதும், சமைக்கத் தொடங்கும் முன் அலுவலகக் கோட்டை அலமாரிக்குள் வைத்துச் சாத்துவதும் பழக்கமாகிவிட வேண்டும்.

மற்றவை இங்கேயே கிடைக்கும். ஈழத் தமிழர்கள் நடத்தும் கடைகளில் இட்லி அரிசி, உளுந்து, உறைந்த முருங்கைக்காய், உறைந்த தேங்காய்த் துருவல், சில நாள்களில் பச்சைக் கறிவேப்பிலையும் இருக்கும். கறிவேப்பிலை கிடைத்த அன்றே நிறைய வாங்கி, உருவி, டப்பாவில் போட்டு உறைய வைத்துவிடுங்கள். சின்ன வெங்காயத்தின் இடத்தை ஷலோட்டன் என்று விற்கும் வெங்காயம் ஏறக்குறைய நிரப்பும்.

இரண்டு வீட்டுச் சமையல்

புதுக்குடித்தனத்தில் உண்மையான சிக்கல் பொருள் கிடைக்காததில் இல்லை. எந்த வீட்டுச் சமையல் என்பதில் இருக்கிறது. ஒருவருக்கு நெல்லைச் சொதியும் மற்றவருக்குக் கொங்கு நாட்டு அரிசிம்பருப்புச் சாதமும் நாக்கில் ஊறியிருக்கும்போது, இரண்டையும் கலந்து நடுவில் ஒன்றைக் கண்டுபிடிக்க முயல்வது இருவரையும் பசியோடு எழுப்பும். என் கருத்தில் அந்தந்த வீட்டுப் பிள்ளையே அந்தந்த வீட்டுச் சமையலைச் செய்வதுதான் முறை. அம்மா வைக்கும் புளிக்குழம்பு வேண்டும் என்று கேட்கும் மகன், மனைவியிடம் சுவையை விவரித்துக்கொண்டிருப்பதை விட்டுத் தானே அம்மாவை வீடியோ அழைப்பில் பிடித்து, தானே கரண்டியை எடுக்கட்டும். "கொஞ்சமாகப் போடு, கண்ணளவு தெரியாதா" என்பார்கள். ஒருமுறை அவர்களைக் கேட்டு, அவர்கள் போடும் அளவை அவர்கள் கையாலேயே டம்ளரிலும் தேக்கரண்டியிலும் அளக்கச் சொல்லிக் குறித்துக்கொண்டால், பிறகு சமையலுக்காக அல்லாமல் பேசுவதற்காக மட்டும் அழைக்கலாம். வாரத்தில் யார் எந்த நாள் என்பதும் இதனோடு தீர்ந்துவிட வேண்டும். ஏனெனில் பின்னால் குட்டி வரும்போது இதே பங்கீடுதான் அதற்கும் தேவைப்படும்.

குட்டி வேண்டுமா என்று முடிவு செய்தல்

துணைவர் வேலைக்குப் போக, மற்றவர் மொழி தெரியாத ஊரில் பகல் முழுவதும் தனியே இருக்கும் வீடுகளில்தான் இந்தப் பேச்சு விரைவாக எழுகிறது. அந்தத் தனிமை உண்மையானது, அதை லேசாகச் சொல்லவில்லை. ஆனால் குட்டியை அதற்கு மருந்தாக வாங்குவது சரியன்று. புதிதாகக் குடியேறியவர்களுக்கு அரசு நடத்தும் ஒருங்கிணைப்பு வகுப்பில் பொதுவாக 600 மணி நேர மொழிப்பாடமும் 100 மணி நேர நாட்டறிவுப் பாடமும் இருக்கும். வகுப்பும் அதைத் தொடர்ந்து வேலையும் கிடைத்ததும், பகலெல்லாம் மடியில் கிடந்து பழகிய குட்டி திடீரென்று தனித்துவிடப்பட்டுக் கதவைப் பிறாண்டும். வளர்ந்த நாயையே நான்கைந்து மணி நேரத்துக்கு மேல் தனியே விடக் கூடாது. குட்டியை முதல் வாரங்களில் விடவே முடியாது, நிமிடக் கணக்கில் தொடங்கிப் பழக்க வேண்டும். ஆகவே வகுப்பு நேரமும் வேலை நேரமும் நிலைப்பட்ட பிறகு, பகலில் யார் வீட்டில் இருப்பார் என்பதற்கு இருவரிடமும் ஒரே விடை இருந்தால் மேலே செல்லலாம்.

அடுத்தது வீட்டுக்காரர். நாய், பூனை வளர்க்கவே கூடாது என்று அச்சடித்த ஒப்பந்தத்தில் ஒட்டுமொத்தமாகத் தடை விதிப்பது செல்லாது என்று ஜெர்மனியின் கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் 2013இல் தீர்ப்பளித்தது. அதனால் கேட்காமலே வளர்க்கலாம் என்று பொருளில்லை. ஒவ்வொரு வீட்டின் சூழலையும் அயலாரின் நலனையும் எடைபோட்டே முடிவெடுக்க வேண்டும் என்பதே அதன் சாரம். இனத்தையும் அளவையும் குறிப்பிட்டு எழுதிக் கேட்டு, சம்மதத்தையும் எழுத்திலேயே பெறுங்கள். செலவுக் கணக்கில், பெர்லினில் முதல் நாய்க்கு ஆண்டுக்கு 120 யூரோ வரி உண்டு. நாய் பிறருக்கு விளைக்கும் சேதத்தை ஈடுசெய்யும் பொறுப்புக் காப்பீடு இங்கே கட்டாயம். நீங்கள் ஏற்கெனவே வைத்திருக்கும் சொந்தப் பொறுப்புக் காப்பீட்டில் நாய் பொதுவாக அடங்காது. கால்நடை மருத்துவரின் கட்டணப் பட்டியல் 2022 நவம்பரில் உயர்த்தப்பட்டது. இரவிலும் விடுமுறை நாளிலும் அவசரமாகப் போனால் 50 யூரோ தனிக் கட்டணம் சேரும்.

எங்கிருந்து

பெர்லினின் வடகிழக்கில் ஃபால்கன்பெர்க்கில் இருக்கும் விலங்குக் காப்பகம் ஐரோப்பாவின் மிகப் பெரியவற்றுள் ஒன்று. முதலில் அங்கே போய்ப் பாருங்கள். குட்டிதான் வேண்டும் என்று வளர்ப்பாளரிடம் வாங்கினால், தாய் நாயோடு சேர்த்து, பிறந்த இடத்திலேயே பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். எட்டு வாரத்திற்கு முன் குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்கச் சட்டம் அனுமதிப்பதில்லை. வேறு நாட்டிலிருந்து வரும் குட்டிக்குப் பன்னிரண்டாவது வாரத்தில் வெறிநாய்க்கடித் தடுப்பூசியும் அதன்பின் 21 நாள் காத்திருப்பும் தேவை. அதாவது பதினைந்து வாரம் ஆகாமல் எல்லை தாண்ட முடியாது. பத்து வாரக் குட்டி, வெளிநாட்டுப் பாஸ்போர்ட், நெடுஞ்சாலை வாகன நிறுத்தத்தில் கைமாற்றம் என்று ஒருவர் விளம்பரம் தந்தால், அது கள்ளக் கடத்தல் என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

ராஜபாளையமோ சிப்பிப்பாறையோ ஊரிலிருந்து கொண்டுவர வேண்டும் என்ற ஆசை சிலருக்கு இருக்கும். இந்தியாவிலிருந்து வரும் நாய்க்கு மைக்ரோசிப், பன்னிரண்டு வாரத்துக்குப் பின் தடுப்பூசி, குறைந்தது 30 நாள் கழித்து அங்கீகரிக்கப்பட்ட ஆய்வகத்தில் எதிர்ப்பாற்றல் சோதனை, அதற்கு மேலும் மூன்று மாதக் காத்திருப்பு என்று வரிசையாக இருப்பதால், வந்துசேரும்போது அதற்கு ஏழு மாதமாவது ஆகியிருக்கும். அதோடு, இவை ஓடுவதற்கென்றே வளர்த்தெடுத்த வேட்டை இனங்கள். மூன்றாம் மாடியின் இரண்டறை வீட்டுக்குப் பொருந்தா.

குட்டி வரும் முன் அடுப்படியில் செய்ய வேண்டியவை

வெங்காயமும் பூண்டும் பச்சையாகவோ வதக்கியோ பொடியாகவோ எப்படியிருந்தாலும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். சோர்வும் வெளிறிய ஈறும் சில நாள் கழித்தே தெரியும் என்பதால் தின்றதற்கும் நோய்க்கும் தொடர்பு புரியாமலே போகலாம். திராட்சை, உலர்திராட்சை சிறுநீரகத்தைப் பழுதாக்கும். அதற்குக் காரணம் டார்டாரிக் அமிலமே என்று அண்மை ஆண்டுகளில் கால்நடை நஞ்சியலாளர்கள் கருதுகிறார்கள். புளியில் அதே அமிலம் செறிந்திருப்பதால் சாம்பார், ரசம், புளியோதரை எதுவும் ஒரு வாய்கூட ஆகாது. பிர்க்கன்ட்சுக்கர் என்ற பெயரில் இங்கே விற்கும் சைலிட்டால் இனிப்பு அதைவிட விரைவாகக் கொல்லும். சூயிங்கம், சர்க்கரையில்லா மிட்டாய் ஆகியவற்றின் உறையைப் படித்துப் பாருங்கள்.

ஆகவே வெங்காயத் தோல் விழும் குப்பைக்கூடைக்கு அழுத்தி மூடும் மூடி வேண்டும், அல்லது அதைத் தொட்டியின் கீழ் அலமாரிக்குள் தள்ளித் தாழிட வேண்டும். தரையில் உட்கார்ந்து நறுக்குவதையும், தரையில் இலை போட்டுச் சாப்பிடுவதையும் விட்டுவிடுங்கள். அந்த உயரம் குட்டியின் வாய்க்கு நேரானது. சமையலறை வாசலில் குழந்தைகளுக்கான தடுப்புக் கதவைப் பொருத்தினால் தாளிப்புத் தெறிப்பிலிருந்தும் அது தப்பும். ஏதாவது கொடுக்காமல் மனம் கேட்காதென்றால், உப்பில்லாமல் வேகவைத்த கேரட், எலும்பும் மசாலாவும் இல்லாத கோழித் துண்டு, தாளிக்காத வெறும் சோறு ஒரு பிடி போதும். ஊரிலிருந்து பெற்றோர் வந்து தங்கும் நாள்களில் இதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும். பாசத்தில் சாம்பார் சாதம் பிசைந்து ஊட்டும் கையை மூன்றாம் நாள் தடுத்தால் வருத்தம்தான் மிஞ்சும்.

குட்டி வந்தபின் முதல் வாரங்களில் இரண்டு மணிக்கொருமுறையும், தூங்கி எழுந்ததும், தின்றதும், விளையாடி முடித்ததும் வெளியே கொண்டுபோக வேண்டும். இரவு முறையை இருவரும் பிரித்துக்கொள்ளுங்கள். தடுப்பூசி எட்டாவது, பன்னிரண்டாவது, பதினாறாவது வாரங்களில். நகரப் பேருந்திலும் சுரங்க ரயிலிலும் வாய்க்கூடு கேட்பார்கள் என்பதால் அதைச் சிறுவயதிலேயே விளையாட்டாக மாட்டிப் பழக்குங்கள். கயிறில்லாமல் ஓட விட குரூனவால்ட் காட்டில் தனிப் பகுதி இருக்கிறது.

ஆண்டுக்கொருமுறை ஊருக்குப் போகும்போது குட்டியை எங்கே விடுவது என்பதைப் பயணச் சீட்டுக்கு முன்பே முடிவு செய்யுங்கள். டிசம்பரில் நாய் விடுதிகள் மாதங்களுக்கு முன்பே நிரம்பிவிடும். செல்லுபடியாகும் தடுப்பூசிச் சான்று இல்லாமல் சேர்ப்பதுமில்லை. ஒருமுறை இரண்டு நாள் மட்டும் விட்டுப் பார்த்து, அது அங்கே ஒழுங்காகச் சாப்பிடுகிறதா என்று கேட்டறிந்த பிறகே நான்கு வாரத்துக்குப் பதிவு செய்யுங்கள்.